அலுமினியம் ஷீட்டு ஓரத்துல பிசிறு எடுக்க நோகா டிபர்ரிங் டூல் – ரெண்டு வருஷம் கையில வெச்சு ஓட்டுன அனுபவம்

கோயம்புத்தூர்ல சின்னதா ஒரு ஷீட் மெட்டல் ஒர்க்‌ஷாப்ங்க எங்களுது. கண்ட்ரோல் பேனல் பாக்ஸு, மீட்டர் கவரு, பிராக்கெட்டு, எல்இடி லைட்டுக்கு பின்னாடி போடற தட்டு, முக்கால்வாசி அலுமினியம் தான், 1 எம்எம்ல இருந்து 3 எம்எம் வரைக்கும். மிஷின்ல வெட்டி பார்ட்டு கீழ விழுந்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு தான் வெளிய இருக்கறவங்க நினைக்கறாங்க, எங்களுக்கு அதுக்கப்புறம் தான் பாதி வேலையே ஆரம்பிக்குது, வெட்டுன ஓரம் பூரா கூரா நீட்டிக்கிட்டு நிக்கிற பிசிறு எடுக்கணும். ட்ராயிங்ல மூலையில ஒரே வரி, எல்லா கூர் ஓரத்தையும் உடைக்கவும் 0.2 எம்எம்னு போட்டிருப்பாங்க, அதாவது கூர் போற அளவுக்கு லேசா சீவி விடணும், அந்த ஒரு வரிக்கு ஒரு ஆள் ஒரு நாள் பூரா உக்காந்திருப்பான். கொட்டேஷன்ல அதுக்குன்னு யாரும் காசு போடறதும் இல்ல.

இந்த டூல் எங்க கைக்கு வந்ததே ஒரு லாட்டு ரிட்டர்ன் வந்ததுக்கு அப்புறம் தான். 2 எம்எம் ஷீட்டுல 240 பிராக்கெட்டு, அவசர ஆர்டர், ராத்திரி வரைக்கும் உக்காந்து பசங்க அரம் போட்டு அனுப்புனாங்க. ரெண்டு நாள் கழிச்சு அசெம்ப்ளி லைன்ல இருந்து ஃபோன், ஒயர் உள்ள இழுக்கும்போது ஓட்டை ஓரம் பட்டு ஒயர் மேல இருக்கற பிளாஸ்டிக்கு சீவி காப்பர் தெரியுதுன்னு. நான் நேர்ல போனேன். அங்க வேலை பாக்கற அக்கா ஒருத்தங்க ஒண்ணுமே பேசாம விரலைத் தூக்கி காமிச்சாங்க, சுட்டு விரல் பூரா பிளாஸ்திரி. "தம்பி, மேல தடவிப் பாத்தா நல்லா தாங்க இருக்கு, உள்ள கை விட்டா தான் தெரியுது"ன்னாங்க. அந்த வார்த்தை இன்னிக்கு வரைக்கும் மனசுல நிக்குது. 240ஐயும் திருப்பி எடுத்துட்டு வந்து ஒவ்வொண்ணா மறுபடி பண்ணோம்.

அவங்க சொன்னதுல ஒரு விஷயம் இருக்குங்க. அரம் போட்டா பிசிறு போயிடும்னு தான் நாங்களும் நினைச்சிருந்தோம். அலுமினியம் மிருதுவான உலோகம், அரத்தை மேல இருந்து கீழ தள்ளுனா பிசிறு அறுந்து விழாது, மடங்கி அந்தப் பக்கம் போய் நிக்கும். மேல்பக்கம் வழவழன்னு ஆயிருக்கும், அடிப்பக்கம் புதுசா ஒரு பிசிறு மெல்லிசா பிளேடு மாதிரி நிக்கும், கண்ணுக்கே தெரியாது. நகத்தை ஓரத்துக்குக் குறுக்க வெச்சு மெதுவா இழுத்தா மாட்டும், இல்ல கொஞ்சூண்டு காட்டன் வேஸ்ட்டை ஓரத்தோட ஓட்டுனா நூல் நூலா பிடிச்சுக்கும். இப்ப எங்க கடையில பாஸ் பண்றது அந்த காட்டன் வேஸ்ட் டெஸ்ட்டு தான், ரெண்டு பக்கமும் ஓட்டணும், ஓட்டைக்குள்ளயும் ஒரு சுத்து.

அரத்துல இன்னொரு தொல்லை, பல்லுக்கு நடுவுல அலுமினியம் அப்பிக்கும். அப்பின துணுக்கு அடுத்த பார்ட்டுல நீளமா கோடு கிழிச்சுட்டு போயிரும். எங்க ஃபிட்டர் அண்ணன் அரத்து மேல சாக்பீஸ் தேச்சுட்டு தான் வேலையே ஆரம்பிப்பாரு, சாக்பீஸ் பல்லுக்குள்ள போய் உக்காந்தா அலுமினியம் அவ்வளவா ஒட்டாது, நடு நடுவுல பித்தளை பிரஷ்ல பல்லோட வாட்டத்துலயே தட்டி விடுவாரு. நல்ல முறை தான், இன்னிக்கும் வெளி மூலைக்கெல்லாம் நாங்க அரம் தான் போடறோம். ஆனா நூறு இருநூறு பீஸ்னா அரம் கட்டுப்படி ஆகாது.

சரி டூலுக்கு வர்றேன். நோகா இஸ்ரேல் கம்பெனி. பிளாஸ்டிக் கைப்பிடி, முனையில கொக்கி மாதிரி வளைஞ்ச ஒரு சின்ன பிளேடு, அவ்வளவு தான் பாக்கறதுக்கு. முதல் தடவை பாத்தப்ப இதுக்கா ஆயிரத்துக்கு மேல கேக்கறாங்கன்னு தான் தோணுச்சு. விஷயம் என்னன்னா அந்த பிளேடு கைப்பிடிக்குள்ள இறுகி நிக்காது, தானா சுத்தும். ஆபீஸ் சேர் சக்கரம் நாம தள்ளற பக்கம் தானா திரும்பிக்குதில்ல, அதே தான். ஓரம் நேரா போனா நேரா போகும், வளைஞ்சா வளையும், ஓட்டைக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்துனா வட்டமா போய் பிசிறை சீவி எடுத்துட்டு வந்துரும். கையை நாம திருப்பவே வேண்டாம்.

பிளேடுல தான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. எஸ் வகை பிளேடு தண்டு 3.2 எம்எம், என் வகை 2.6 எம்எம், கைப்பிடி எதுக்குன்னு பாத்து வாங்கணும், ஒண்ணு இன்னொண்ணுல நிக்காது. அலுமினியத்துக்கு எஸ்10, ஸ்டீலுக்கும் அதே. எஸ்20 பித்தளைக்கும் வார்ப்பு இரும்புக்கும், அதாவது துணுக்கு பொடிப்பொடியா உதிர்ற ஐட்டத்துக்கு. எங்க பையன் ஒரு தடவை தெரியாம எஸ்20 போட்டு அலுமினியத்துல ஓட்டிட்டு டூலே சரியில்லைங்கன்னு வந்து நின்னான், பிளேடை மாத்திக் குடுத்ததும் அஞ்சே நிமிஷத்துல முகம் மாறிருச்சு. எஸ்10 ஒரு திசையில தான் வெட்டும், எதிர்ப்பக்கம் இழுத்தா சும்மா தேச்சுட்டு போகும், அதையும் முதல் நாளே சொல்லிக் குடுத்துருங்க.

ஆன்லைன்ல இதே மாதிரி முந்நூறு ரூபாய்க்கு பத்து பிளேடோட செட்டு கிடைக்குது, நாங்களும் முதல்ல அதைத் தான் வாங்குனோம், பேரு வேண்டாம். கைப்பிடி பரவால்ல. பிளேடு தான் நிக்கல. நாப்பது அம்பது பார்ட்டு போனதும் முனை மழுங்கி அலுமினியத்தை வெட்டாம உருட்ட ஆரம்பிச்சிருச்சு, ரெண்டு பிளேடு வளைஞ்சே போச்சு. பிளேடை பிடிச்சு வெக்கிற ஸ்பிரிங்கும் லூசு, ஒரு தடவை இழுக்கும்போது பிளேடு கழண்டு தெறிச்சு பையன் கண்ணாடியில பட்டுச்சு. கண்ணாடி போட்டிருந்தான், தப்பிச்சான். வீட்டுல எப்பவாவது ஒரு பைப்பு ஓரம் சீவறதுக்குன்னா அது போதும்ங்க, தினம் ஓட்டற கடைக்கு வேண்டாம். நோகா எஸ்10ல நாங்க ஒரு பிளேடுல சாதாரணமா ஐந்நூறு அறுநூறு சின்ன பார்ட்டு பாத்திருக்கோம், அதுவும் ஷியரிங்ல, அதாவது கத்திரி மாதிரி வெட்டற மிஷின்ல வெட்டுன சுத்தமான ஓரமா இருந்தா. லேசர்ல வந்ததுன்னா அதுல பாதி தான், காரணம் பின்னாடி சொல்றேன்.

பிடிக்கற விதம் தான் எல்லாமே. பார்ட்டை வைஸ்ல (பெஞ்ச்ல இறுக்கிப் பிடிக்கற பிடி) நேரா கடிக்க விடாதீங்க, தாடை பல்லு அச்சு அலுமினியத்துல அப்படியே விழுந்துரும், ரெண்டு பக்கமும் மரக்கட்டையோ அலுமினியம் ஆங்கிளோ வெச்சு பிடிக்கணும். ஓரம் வைஸ்ல இருந்து ஒரு விரல் அகலத்துக்கு மேல வெளிய நீட்டக்கூடாது, நீட்டுனா ஷீட்டு அதிரும். பிளேடை ஓரத்துல சுமாரா 45 டிகிரியில சாய்ச்சு வெச்சு ஒரே இழுப்புல நம்ம பக்கமா கொண்டு வரணும், அழுத்தம் ரொம்ப கம்மி, பேனாவுல எழுதற அளவு தான். சரியா போச்சுன்னா ஒரு மெல்லிய சர்ர்ங்கற சத்தம் வரும், ஓரத்துல இருந்து முடி மாதிரி ஒரு சுருள் அறுபடாம நீளமா வந்துட்டே இருக்கும், 2 எம்எம் ஷீட்டுல ஒரு அடி நீளத்துக்கு ஒரே சுருளா வந்ததையெல்லாம் பாத்திருக்கேன். அந்த சுருள் வந்த ஓரத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா ஒரு நூல் அகலத்துக்கு பளிச்சுன்னு ஒரே சீரா கோடு தெரியும். அழுத்தி இழுத்தா சத்தம் மாறிரும், கடகடன்னு கேக்கும், ஓரத்துல அலை அலையா பல்லு விழுந்துரும், அப்புறம் அதை எமரி பேப்பர்ல தேச்சு சரி பண்ண டபுள் நேரம். புதுசா வர்ற பசங்க எல்லாருமே முதல் நாள் அழுத்துவாங்க. எங்க ஃபிட்டர் அண்ணன் சொல்றது ஒண்ணே தான், "தம்பி, நீ இழு, அது வெட்டிக்கும்."

ஷீட்டு மேல ஒட்டி வர்ற பிளாஸ்டிக் ஃபிலிமைப் பத்தி யாருமே சொல்ல மாட்டாங்க. ஃபிலிமோட சேத்து சீவுனா ஃபிலிம் கிழிஞ்சு பிளேடுல சுத்திக்கும், அதுக்கு அடியில பிசிறும் பாதி அப்படியே நின்னுரும். ஓரத்துல இருந்து ஒரு சென்டிமீட்டர் மட்டும் உரிச்சு மடிச்சு விட்டுட்டு சீவுங்க, மீதி ஃபிலிம் கஸ்டமர் கைக்குப் போற வரைக்கும் கீறல் விழாம காப்பாத்தும்.

எல்லா அலுமினியமும் ஒண்ணு இல்ல, நம்பர் போட்டு ரகம் ரகமா வரும். 1100 மாதிரி சுத்த அலுமினியம் ஷீட்டு, அதுவும் மிருதுவான டெம்பர்னா (டெம்பர்னா உலோகம் எவ்வளவு கடினமா இருக்குங்கறது) பிளேடுல பசை மாதிரி ஒட்டும், சுருள் வராம பிஞ்சு பிஞ்சு வரும். அதுக்கு பிளேடுல ஒரு சொட்டு மண்ணெண்ணெயோ மெஷின் ஆயிலோ தொட்டுக்கிட்டா சரியாகும், ஆனா கோட்டிங்குக்கு போற பார்ட்டுன்னா அப்புறம் நல்லா கழுவணும். 5052 எச்32 அழகா வெட்டும். 6061 டி6 இன்னும் அருமை, சுருள் மொறுமொறுன்னு உடைஞ்சு விழும், ஓரம் கண்ணாடி.

லேசர்ல வெட்டுன ஓரம் தனி கதை. அடிப்பக்கம் உருகி ஒட்டுன துளி துளியா ஒரு கசடு நிக்கும். அலுமினியம் 660 டிகிரியிலயே உருகிரும், ஆனா அது மேல படியற ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கும் மேல வேணும், அதனால தான் அந்த கசடு சுத்தமா வழிஞ்சு போகாம ஓரத்துல தொங்குது. அந்த ஆக்சைடும் எமரி பேப்பர்ல இருக்கற மணலும் வேற வேற இல்ல, அதே பொருள் தான், பிளேடு அது மேல குதிச்சு குதிச்சு போகும், முனை சீக்கிரம் போயிரும். நாங்க முதல்ல ஒரு பழைய உளியை படுக்க வெச்சு கசடைத் தட்டி விட்டுட்டு அப்புறம் தான் நோகா போடறோம். நைட்ரஜன் விட்டு வெட்டற இடத்துல குடுத்தா கசடு கம்மி, அந்த வித்தியாசம் காசு குடுத்தாலும் தகும்.

பிசிறு எந்தப் பக்கம் இருக்குன்னு பாக்காம வேலையைத் தொடங்காதீங்க. ஷியரிங்லயும் பிரஸ்லயும் வெட்டு எந்தப் பக்கமா வெளிய வருதோ அந்தப் பக்கம் தான் நிக்கும், எதிர்ப்பக்க ஓரம் லேசா உருண்டு இருக்கும். ஒரே லாட்டுல எல்லாம் ஒரே பக்கம் தான் வரும், அப்படியே அடுக்கி வெச்சா நேரம் மிச்சம். பிசிறு திடீர்னு பெருசா வர ஆரம்பிச்சா டூலைத் திட்டாதீங்க, ஷியரிங் பிளேடு மழுங்கிருச்சு இல்ல கேப்பு ஜாஸ்தி ஆயிருச்சு, அங்க சரி பண்ணணும். ஷீட்டை வளைக்கற பெண்டிங் வேலை இருந்தா பிசிறை அதுக்கு முன்னாடியே எடுத்துரணும், எடுக்க முடியலைன்னா பிசிறு பக்கம் வளைவுக்கு உள்ள வர்ற மாதிரியாவது வைங்க, வெளிப்பக்கம் இழுபடும்போது அந்த பிசிறுல இருந்து தான் விரிசல் விட ஆரம்பிக்கும்.

இனி குறை. 1 எம்எம்க்கு கீழ இருக்கற ஷீட்டுக்கு இது சரிப்பட்டு வராது, ஷீட்டே வளைஞ்சு குடுக்கும், பிளேடு கடிச்சுக்கிட்டு ஓரத்தையே இழுத்துட்டு வந்துரும். அதுக்கு மெரூன் கலர் ஸ்காட்ச் பிரைட்டை ஒரு மரக்கட்டையில சுத்தி நாலு தேய் தேச்சா போதும். சின்ன ஓட்டைக்குள்ள, 3 எம்எம் 3.2 எம்எம் எல்லாம், எஸ்10 நுழையாது. அதுக்கு 90 டிகிரி கவுண்டர்சிங்கை, அதாவது ஓட்டை வாயை சரிவா சீவற கூம்பு முனை பிட்டை, ஒரு கைப்பிடியில மாட்டி கையாலயே ரெண்டு திருகு. பெரிய ட்ரில் பிட்டை ஓட்டையில வெச்சு திருகறாங்களே, அது வேண்டாம், ஓட்டை முக்கோணமா அறுகோணமா ஆயிரும். உள்மூலை, அதாவது சதுர கட்டிங்கோட மூலை, அங்கயும் பிளேடு போய் திரும்பாது, சின்ன ஊசி அரம் தான் கதி. ஒரு நாள் பூரா இழுத்தா மணிக்கட்டு வலிக்கும்ங்க, உண்மையா வலிக்கும், அதனால ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆளை மாத்தி விடறோம்.

நீளமான பட்டைக்கு இதே வேலையை ரெண்டு ஓரத்துக்கும் சேத்து ஒரே இழுப்புல பண்ற டபுள் எட்ஜ் டூலும் இருக்கு, நடுவுல ஷீட்டை விட்டு இழுக்கணும், மேல கீழ ரெண்டு ஓரமும் ஒண்ணா உடையும். நாலு அடி பட்டைன்னா நான் அதைத் தான் எடுப்பேன், பாதி நேரம் கூட ஆகாது. வளைவு, ஓட்டைன்னு வந்துட்டா அது ஒண்ணுக்கும் ஆகாது. ஐந்நூறுக்கு மேல லாட்டு போனா பெல்ட்டும் பிரஷ்ஷும் இருக்கற மிஷின் வெச்சிருக்கற இடத்துக்கு ஜாப் ஒர்க் குடுத்துடறோம்.

கிரைண்டர்ல பிடிச்சா ரெண்டு நிமிஷ வேலை தானேன்னு கேக்கறவங்களுக்கு, தயவு செஞ்சு பண்ணாதீங்க. இரும்புக்கு இருக்கற சாதா கல்லுல அலுமினியத்தை வெச்சா கல்லோட துளை பூரா அலுமினியம் அப்பி அடைச்சு, கல்லு சூடாகி வெடிக்கவே வாய்ப்பு இருக்கு. தூசி அதைவிட மோசம். மெல்லிய அலுமினியம் தூசி காத்துல கலந்து ஒரு பொறி பட்டா குண்டு மாதிரி, 2014 ஆகஸ்ட்ல சீனாவுல குன்ஷான் ஊர்ல அலுமினியம் வீல் பாலிஷ் பண்ற ஃபேக்டரியில அப்படித் தான் நடந்துச்சு, 140 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்தத் தூசி எரியும்போது தண்ணி ஊத்தவும் கூடாது, ஹைட்ரஜன் வந்து இன்னும் பெருசாகும், உலோகத் தீக்குன்னு இருக்கற பவுடரோ காஞ்ச மணலோ தான் போடணும். நோகா எனக்குப் பிடிக்க இதுவும் ஒரு காரணம், தூசியே வராது, சுருள் தான் வருது, பிரஷ்ல கூட்டி அள்ளி ஸ்கிராப்புல போட்டுரலாம். ஏர் கன் வெச்சு ஊதாதீங்க, கண்ணுக்குள்ள போகும். விரல்ல குத்துனா இரும்புத் துணுக்கு மாதிரி காந்தம் வெச்சு எடுக்க முடியாது, லென்ஸும் சின்ன இடுக்கியும் ஒர்க் பெஞ்ச்லயே வெச்சிருங்க.

இரும்புக்கு ஓட்டுன அரம், பிரஷ், ஃபிளாப் டிஸ்க் எதையும் அலுமினியத்துல தொடாதீங்க. இதுல நாங்க ஒரு தடவை பட்டிருக்கோம், எம்எஸ் (சாதா இரும்பு) தேச்ச டிஸ்க்லயே அவசரத்துக்கு அலுமினியம் கவரையும் தேச்சுட்டோம், டிஸ்க்ல இருந்த இரும்புத் துணுக்கு அதுல ஒட்டிக்கிச்சு, வெளிய மாட்டுன கவர்ல ஒரே மழைக்காலத்துல பொட்டு பொட்டா துரு. அலுமினியத்துல எப்படிங்க துரு வரும்னு கஸ்டமர் கேட்டாரு, நின்னு விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு. இப்ப அலுமினியம் சாமான் எல்லாத்துக்கும் நீல பெயின்ட் அடிச்சு தனி டிராயர்ல பூட்டி வெச்சிருக்கோம்.

கோட்டிங் போற பார்ட்டுன்னா ஓரத்தை இன்னும் கொஞ்சம் உருட்டி விடணும். கூரா இருக்கற ஓரத்துல பவுடர் உருகும்போது விலகிப் போய் மெல்லிசா ஆயிரும், அங்க இருந்து தான் முதல்ல உரியும். அனோடைசிங்லயும் (கரண்டு விட்டு மேல ஆக்சைடு படலம் ஏத்தறது) கூர் மூலையில படலம் விரிசல் விடும். நோகா போட்ட ஓரத்து மேல ஸ்காட்ச் பிரைட்டை ரெண்டு இழுப்பு இழுத்து விட்டா கோட்டிங் நல்லா பிடிக்குது, நாங்க இந்த ரெண்டு வருஷமா ஓரத்துல உரிஞ்சுதுன்னு ஒரு கம்ப்ளைன்ட் கூட வாங்கல.

அந்த 240 பிராக்கெட்டோட ஆர்டர் இப்பவும் எங்களுக்குத் தான் வருது. ட்ராயிங்ல ஒயர் போற ஓட்டைக்கு ரப்பர் குரோமெட்டும் (ஓட்டை ஓரத்துல மாட்டற வளையம்) நாங்க கேட்டு சேத்து வாங்கிட்டோம். ஒவ்வொரு லாட்டும் போறதுக்கு முன்னாடி பத்து பீஸ் எடுத்து உள்பக்கம் நானே காட்டன் வேஸ்ட் ஓட்டிப் பாத்துட்டுத் தான் டப்பாவை ஒட்டுவேன்.

வாங்கறவங்களுக்கு நான் சொல்றது, எஸ் வகை கைப்பிடி ஒண்ணு, எஸ்10 பிளேடு ஒரு பாக்கெட்டு, 90 டிகிரி கவுண்டர்சிங் ஒண்ணு, இதோட நிறுத்துங்க. எஸ்20, எஸ்30 எல்லாம் சேத்து விக்கிற பெரிய செட்டு அலுமினியம் ஷீட்டு வேலைக்குத் தேவைப்படல, எங்களுதுல பாதி இன்னும் கவர் பிரிக்காம கிடக்கு. காட்டூர் பக்கம் டூல்ஸ் கடையில கேட்டா பிளேடு பாக்கெட்டா கிடைக்கும், மழுங்குன பிளேடை புதுசோட கலந்து போட்டுராதீங்க, நாங்க பழைய கேமரா ஃபிலிம் டப்பா ஒண்ணுல மழுங்குனதைப் போட்டு மூடி மேல பழசுன்னு எழுதி வெச்சிருக்கோம்.